ஒன்பதாம் மேசைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

எங்கள் கடற்கரை ஊர் கபோதெய்ரோவின் மீன் சந்தையில் ஒன்பதாம் கல்மேசைக்காரி பல்மிரா. அவளுக்குப் பிடித்த மனிதர்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் இரண்டு விரல் மிச்சம் இருக்கும். ஒருவன் அவள் புருஷன் தெல்மிரோ, கல்லறைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இன்னொருவன் மகன் போர்ஹா, நகராட்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். மூன்றாவது, பதினொரு வருடமாக அவள் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் சாவ்லின். மிச்சமுள்ள ஊர் முழுவதையும் அவள் மீன் கழுவிய தண்ணீரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் ஜனங்களின் லட்சணம் அப்படி. வீட்டில், படகில், சாராயக்கடையில் எல்லாம் எங்கள் மண்ணின் மொழியான கலீசியன்தான் பேசுவார்கள். மாட்டையும் நாயையும் கொஞ்சுவதும் கலீசியனில்தான். ஆனால் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று எதிரே வந்து நின்றுவிட்டால் நாக்கு தானாக அரசாங்க மொழியான ஸ்பானிஷுக்குத் தாவும், கூடவே முதுகும் கொஞ்சம் வளையும். டாக்டரிடம் ஸ்பானிஷ். வங்கியில் ஸ்பானிஷ். செய்த பாவமெல்லாம் கலீசியனில், அதைப் பாதிரியாரிடம் ஒப்பிப்பது மட்டும் ஸ்பானிஷில். வெளியூர் முகத்தைக் கண்டுவிட்டால் கேட்கவே வேண்டாம், ஊரே ஸ்பானிஷில் பொழியும். கேட்டால் அதற்குப் பெயர் மரியாதையாம்.

"மரியாதையாம் மரியாதை. நாக்கைக் கழட்டிப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு இரவல் நாக்கை மாட்டிக்கிறதுக்குப் பேரு மரியாதையா?" என்பாள் பல்மிரா, கத்தியைக் கல்லில் தட்டியபடி.

அந்த இரவல் நாக்கின் ருசி அவளுக்குத் தெரியும். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் 'மழை பெய்யுது டீச்சர்' என்று வீட்டுப் பேச்சில் சொன்னதற்காக மக்காச்சோளத்தின் மேல் முழங்கால் போட வைத்தார்கள். பதினொரு வயதில் பள்ளியை விட்டு அம்மாவோடு மீன்கூடை தூக்க வந்துவிட்டாள். மகன் பிறந்தபோது அவனுக்கு அந்தச் சோளம் வேண்டாம் என்று முடிவு செய்தாள். எங்கள் தேவாலயத்தில் எந்தச் சிலைக்கும் இல்லாத பெயராகப் பார்த்து, மாட்ரிட் பணக்காரப் பிள்ளைகளின் பெயராகப் பார்த்து, போர்ஹா என்று வைத்தாள். தொட்டிலில் கிடந்த நாள் முதல் அவனிடம் ஸ்பானிஷ் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டுத் தடுமாறிய ஸ்பானிஷ்தான், ஆனால் பேசினாள். பையன் மணிமணியாகப் பேசினான், படித்தான், பட்டம் வாங்கினான். அதில் அவளுக்குப் பெருமை தாங்காது. ஊர்க்காரர்கள் டாக்டரிடம் ஸ்பானிஷ் பேசுவது அடிமைப் புத்தி. தான் மகனிடம் பேசியது வேறு விஷயம். இரண்டையும் அவள் ஒரே தட்டில் வைத்துப் பார்த்ததே இல்லை.

சாவ்லின் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஹாங்காங்கின் படகுத்துறையில் பிறந்தவள். அப்பாவுக்கு இழுவலைப் படகு. எங்கள் ஊர்க் கப்பல் மெக்கானிக் அமாரோ அங்கே போய் மூன்று மாதம் கப்பல் பழுதாகிக் கிடந்தபோது அவளைக் கண்டு, கல்யாணம் செய்து, இங்கே அம்மாவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பக் கடலுக்குப் போய்விட்டான். வருடத்தில் எட்டு மாதம் அவன் கடலில். வீட்டில் மாமியார், ஒரு பசு, ஆறு கோழி. இவர்களில் ஒருவருக்கும் ஸ்பானிஷ் வராது. ஆகவே சாவ்லின் கற்றுக்கொண்டது கலீசியன், அதுவும் தொண்டைக்குள் இருந்து காறிக் கொண்டுவரும் எங்கள் கரையோரக் கலீசியன்.

முதல்முதலாக அவள் ஒன்பதாம் மேசைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. பல்மிராவும் மற்றவர்கள் மாதிரியேதான் ஆரம்பித்தாள். சீன முகம், எனவே ஸ்பானிஷ், அதுவும் சத்தமாக: "மத்தி! புதியது! இன்று காலை வந்தது!"

சாவ்லின் ஒரு மத்தியைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தாள். பிறகு மாமியாரின் குரலிலேயே, கலீசியனில் சொன்னாள்: "கத்தாதீங்கக்கா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நேத்து ஞாயித்துக்கெழம. ஒரு படகாவது கடலுக்குப் போச்சா? இது சனிக்கெழம மீனு. புதுசுன்னு எவனாவது ஏமாந்தவன் வருவான், அவன்கிட்ட வித்துக்குங்க."

பல்மிரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டி, வேலைக்கு வர்றியா?" என்று கேட்டாள். அந்த வியாழக்கிழமையே சாவ்லின் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள்.

ஆனால் ஊர் திருந்தவில்லை. பதினொரு வருடம் கழித்தும் வாடிக்கைக்காரிகள் அவள் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து, "நீ. வெட்டு. தலை. வேண்டாம்," என்பார்கள், ஸ்பானிஷில், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல. சாவ்லின் கலீசியனில், "தலைய வேண்டாங்காதீங்கம்மா, சூப்புக்கு அதுதான் ருசி. ஒங்க வீட்டுக்காரருக்கு இருமல் இன்னும் இருக்கா?" என்று கேட்பாள். உடனே அந்த அம்மாள் பூரித்துப்போய் ஸ்பானிஷில் சொல்வாள்: "அடடா! எவ்வளவு அழகாக ஸ்பானிஷ் பேசுகிறாய் நீ!"

பல்மிரா அப்போதெல்லாம் திரும்பி நின்று கடவுளையும் நான்கைந்து புனிதர்களையும் வரிசையாகத் திட்டுவாள்.

காலை பதினொரு மணிக்குக் கூட்டம் குறையும். காப்பியில் ஒரு சொட்டுச் சாராயம் விட்டுக்கொண்டு, இருவரும் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு மொழியையும் மீன் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போட்டு எடை பார்ப்பார்கள். திட்டுவதில்தான் ஆரம்பிக்கும்.

"எங்க ஊர்ல திட்டணும்னா அவன் அம்மாவுல ஆரம்பிச்சு கொள்ளுத்தாத்தா சவப்பெட்டி வரைக்கும் போவோம்," என்பாள் சாவ்லின்.

"நாங்க நேரா சாமிகிட்ட போயிடுவோம். எதுக்கு நடுவுல சொந்தக்காரங்க?"

"உங்க சண்டையே தாலாட்டு மாதிரி இருக்குக்கா. எங்க வீட்ல என் தங்கச்சி போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸக் கூப்பிடுவாங்க."

உண்மைதான். சாவ்லின் தன் தாய்மொழியான கான்டனீஸில் போன் பேசினால் ஏழாம் மேசைக்காரி சிலுவை போட்டுக்கொள்வாள். ஒரே சத்தத்தை ஆறு விதமாக ஏற்றி இறக்கி ஆறு பொருள் வரவழைக்கும் மொழி அது. பல்மிரா ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, இது நாக்கால் பேசுவதா புல்லாங்குழலால் பேசுவதா என்று விட்டுவிட்டாள். அவளைக் கவர்ந்தது வேறு. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன் என்று சொல்கிறார்கள் அங்கேயும், இங்கேயும். பார்த்ததும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பது அங்கே. சாப்பிட உட்கார்ந்தவனை எழுந்திருக்க விடாமல் செய்வது இங்கே. இரண்டு மொழியையும் மேலே இருப்பவர்கள் வட்டார வழக்கு என்கிறார்கள். அங்கே பெரிய மொழி மாண்டரின், இங்கே ஸ்பானிஷ்.

"நான் அம்மாவுக்கு லெட்டர் எழுதுவேன்ல," என்றாள் சாவ்லின் ஒரு நாள். "வாயால பேசற மாதிரி எழுத முடியாது. எழுதறதுக்கு வேற மாதிரி. எங்க வீட்ல ஒருத்தரும் அப்படிப் பேச மாட்டாங்க."

"அட, இங்க மட்டும் என்ன? தெல்மிரோ சமாதியப் போய்ப் பாரு. 'இறைவனடி சேர்ந்தார், துணைவியார் மறவார்'னு ஸ்பானிஷ்ல வெட்டி வெச்சிருக்கு. அந்த மனுசன் உயிரோட இருந்தப்ப போலீஸ்காரன்கிட்ட தவிர வேற யார்கிட்டயும் ஸ்பானிஷ் பேசினதில்ல. கல்லு வெட்டுறவன்கிட்ட நம்ம பாஷையில வெட்டுடான்னேன். அப்படி யாரும் வெட்டறதில்ல, பாக்கறவங்க சிரிப்பாங்கன்னான். செத்தவனுக்குக்கூட இரவல் நாக்கு!"

ஆனால் பல்மிரா மறுபடி மறுபடி கேட்டுச் சிரிக்கும் கதை சாவ்லினின் அண்ணி கதை. ஹாங்காங்கில் இருக்கும் அந்த அண்ணி தன் பிள்ளையிடம் கான்டனீஸே பேசுவதில்லை. பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்று தனக்கே சரியாக வராத மாண்டரினில் பேசுகிறாள். பிள்ளை வளர்ந்து, தாத்தா பேசுவது புரியாமல் விழிக்கிறது.

"பெத்த புள்ளகிட்ட இரவல் நாக்குல பேசறாளா? அவ ஒரு அம்மாவாடி? தூ!" என்று பல்மிரா தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். "இன்னொரு தடவ சொல்லு அந்தக் கதைய."

சாவ்லின் குனிந்து செதில் சுரண்டுவாள்.

அறுபத்திமூன்று வயதில் பல்மிராவின் விரல்கள் மடங்க மறுத்தன. ஐஸில் நாற்பது வருடம் கிடந்த விரல்கள். நகராட்சியில் மனு போட்டு மேசை உரிமத்தைச் சாவ்லின் பெயருக்கு மாற்றித் தந்துவிட்டு விலகுவது என்று முடிவு செய்தாள். சாவ்லினுக்கு அந்த மேசை கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் அவளுக்கு இந்த ஊரில் இருப்பதெல்லாம் வருடத்துக்கு நாலு மாதம் வரும் புருஷனும் ஒரு பசுவும்தான். போட்டிக்கு வீகோ நகரத்திலிருந்து தாடி வளர்த்த ஒருவன் வேறு மனு போட்டிருந்தான். பெயர் கிகே. மீன் மேசையில் உயரமான ஸ்டூல் போட்டு, கடற்பாசி மிதக்கும் ஜின் ஊற்றித் தரப் போகிறானாம். மீனை அவன் தட்டில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

மனுதாரர்களை நகராட்சி நேரில் கேள்வி கேட்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் அவர் தாய்மொழியில் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் வேலை மொழி வளர்ச்சி அலுவலருடையது. அந்த அலுவலர் வேறு யார், போர்ஹாதான். கலீசியன் மொழியை வளர்ப்பதற்காக நகராட்சி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். அம்மாவிடம் கிடைக்காததைப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படித்து, உப்பில்லாத ஒரு கலீசியனை, இலக்கணம் தவறாமல், ஆபீஸ் நேரத்தில் மட்டும் பேசுவான். போன வருடம் மழைக்கு எங்கள் மொழியில் எழுபது சொற்கள் இருப்பதாகப் பனியன் அச்சிட்டுக் கொடுத்தான். வெளியே பெய்வது அதில் எந்த மழை என்று கேட்டால் குடை விரித்துக்கொண்டு போய்விடுவான். அவன் ஒரு படிவத்தை நிரப்பினான்: மொழி, சீனம்.

செவ்வாய்க்கிழமை காலை. நகராட்சி வராந்தாவில் சந்தைக் கவுன்சிலர் எவரிஸ்தோ சாவ்லினைப் பார்த்ததும் நின்றார். ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர், இருபது வருட வாடிக்கையாளர்.

"என்ன சாவ்லின், அந்தச் சிலந்தி நண்டு எப்ப வரும்? வீட்டுக்காரி என் உசுர எடுக்கிறா," என்றார் கலீசியனில்.

"வியாழக்கெழம வாங்கய்யா. பொட்ட நண்டாப் பாத்து எடுத்து வெக்கிறேன்," என்றாள் சாவ்லின்.

"மறந்துடாத என்ன!" என்று சொல்லி அவர் கதவைத் திறந்து அறைக்குள் போனார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டார்.

"விண்ணப்பதாரர் அமரலாம். தங்கள் முழுப் பெயரைத் தெரிவிக்கவும்," என்றார் ஸ்பானிஷில், இதற்குமுன் அவளைப் பார்த்தே இராதவர்போல.

அவருக்கு இடப்பக்கம் குறிப்பெழுதும் செயலாளர் அம்மாள், வலப்பக்கம் போர்ஹா. பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர் பியத்ரிஸ், போன மாதம்தான் கலீசியன் காதிலேயே விழாத வல்யாதோலித்திலிருந்து வீகோவுக்கு வந்த பெண். பெய்ஜிங்கில் மூன்று வருடம் படித்தவள். அவள் மாண்டரினில் மிக அழகாகக் கேள்வியைக் கேட்டாள். பார்வையாளர் பெஞ்சில் பல்மிரா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாவ்லின் பியத்ரிஸைப் பார்த்தாள். பிறகு எவரிஸ்தோவைப் பார்த்து, கலீசியனில், "இந்தப் பொண்ணு என்னய்யா சொல்லுது? எனக்கு மாண்டரின் வராதே. எங்க ஊர்ல கான்டனீஸ்தான்," என்றாள்.

பியத்ரிஸ் புருவத்தைச் சுருக்கினாள். சீன முகத்திலிருந்து சீனத்தை எதிர்பார்த்த காதில், எங்கள் கரையோரப் பேச்சு என்ன மாதிரி விழுந்ததோ. "மன்னியுங்கள்," என்றாள் ஸ்பானிஷில். "இவர் ஏதோ தென்சீன வட்டார வழக்கில் பேசுகிறார் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை."

அந்த அறையில் அது என்ன மொழி என்று தெரியாதவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்ப் பெண் முன்னால் 'அது எங்கள் மொழி' என்று சொன்னால் அவள் மனம் புண்படுமாம். எவரிஸ்தோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு தேர்வுக்கான மூன்று கேள்விகளுக்குப் போனார். மத்தியை ஐஸில் எத்தனை நாள் வைக்கலாம்? சாவ்லின் பதில் சொன்னாள், கலீசியனில், எந்த மாத மத்திக்கு எத்தனை நாள் என்பது வரை. பியத்ரிஸ் உதட்டைப் பிதுக்கினாள். செயலாளர் அம்மாள் எழுதினாள்: பதில் இல்லை.

மீன் புதிது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண், செவுள், வயிறு, வாடை என்று சாவ்லின் விரல்விட்டு எண்ணினாள். எவரிஸ்தோவின் தலை தன்னை அறியாமல் ஆமோதித்து ஆடிற்று. பதில் இல்லை, என்று எழுதப்பட்டது.

"அய்யா, நான் சொல்றது ஒங்களுக்கு வெளங்குதுல்ல?" என்றாள் சாவ்லின்.

"சட்டப்படி மொழிபெயர்ப்பாளர் வழியாக வரும் பதிலே பதிலாகும்," என்றார் எவரிஸ்தோ கூரையைப் பார்த்தபடி. "தங்கள் நன்மைக்காகவே இந்த ஏற்பாடு. மூன்றாவது கேள்விக்கும் பதில் இல்லையெனில், அடுத்த விண்ணப்பதாரரை அழைக்க வேண்டியிருக்கும்."

வெளியே கிகே தாடியை நீவிக்கொண்டு காத்திருந்தான்.

பல்மிரா எழுந்தாள். பெஞ்சு பின்னால் சாய்ந்தது.

"எவரிஸ்தோ!" என்றாள் கலீசியனில். "வராந்தாவுல நண்டு கேட்ட வாய எங்கடா தொலச்ச? அப்ப எந்த மொழிபெயர்ப்பாளர் கூட இருந்தா? ஒங்க அப்பன் ஒன்பதாம் மேசைக்கு வந்து கடன் கேட்டது எந்தப் பாஷையிலன்னு சொல்லட்டுமா? ஏ செயலாளரம்மா, விடியக்காலையில என்கிட்ட மத்தி வெலய பேசிக் கொறச்சியே, இப்ப மட்டும் பதில் இல்லியா? இந்த ரூமுல ஒரே பாஷ தெரிஞ்ச அஞ்சு பேரு இருக்க, அது தெரியாத ஆறாவது ஆளக் கூப்பிட்டு வெச்சு, புரியல புரியலன்னு எழுதறீங்களே, வெக்கமா இல்ல? ஒங்களுக்கு நாக்கு எதுக்கு? வெட்டித் தர்றேன், பூனைக்குப் போடுங்க!"

எவரிஸ்தோ சிவந்துபோனார். பல்மிரா இன்னும் முடிக்கவில்லை. மகன் பக்கம் திரும்பினாள். மொழி வளர்க்கச் சம்பளம் வாங்குகிறவன், அவனுக்கு இருக்கிறது இன்று என்று வாயைத் திறந்தாள்.

"போர்ஹா, மகனே," என்றாள். "தயவுசெய்து இவர்களிடம் நீ எடுத்துச் சொல். இது நியாயமில்லை."

ஸ்பானிஷில்.

அவளுக்கே அது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கலீசியன் வரவில்லை. முப்பத்தெட்டு வருடமாக ஒரு நாளும் அவனிடம் போய்ப் பழகாத மொழி. அறை முழுக்க அவளைப் பார்த்தது. பியத்ரிஸ் மட்டும் ஆறுதலாகப் புன்னகை செய்தாள், கடைசியில் தனக்குப் புரியும்படி ஒருவர் பேசிவிட்டார் என்று.

"அம்மா, தயவுசெய்து அமருங்கள்," என்றான் போர்ஹா, அதே ஸ்பானிஷில்.

பல்மிரா உட்கார்ந்துவிட்டாள். அவளை யாரும் அப்படி உட்கார வைத்து ஊர் பார்த்ததில்லை.

சாவ்லின் ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போர்ஹாவிடம், அதிக சத்தமில்லாமல், கலீசியனில் கேட்டாள்: "தம்பி, நான் பேசறது ஒனக்குப் புரியுதா?"

சுவரில் அவன் தலைக்கு மேலே 'நம் மொழியில் பேசுவோம்' என்று அவனே அச்சிட்ட சுவரொட்டி தொங்கியது. இல்லை என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. "புரிகிறது," என்றான், உப்பில்லாத கலீசியனில்.

"அப்ப நான் சொல்றத நீ இந்தப் பொண்ணுக்கு ஸ்பானிஷ்ல சொல்லு. அது அய்யாகிட்ட சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் வழியா வந்தாச் சரிதானே?"

சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆகவே அப்படியே நடந்தது. எவரிஸ்தோ மூன்றாவது கேள்வியை ஸ்பானிஷில் கேட்டார், முதல் இரண்டையும் மறுபடி கேட்டார். பியத்ரிஸ் ஒவ்வொன்றையும் மாண்டரினில் சொன்னாள், விதி என்பதால். சாவ்லின் அதைக் காதில் வாங்காமல் கலீசியனில் பதில் சொன்னாள். எவரிஸ்தோவுக்கு அப்போதே புரிந்துவிட்டது, ஆனாலும் காத்திருந்தார். போர்ஹா அதை பியத்ரிஸுக்கு ஸ்பானிஷில் சொன்னான். பியத்ரிஸ் அதே ஸ்பானிஷை எவரிஸ்தோ பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னாள். செயலாளர் அம்மாள் எழுதினாள்: விண்ணப்பதாரர் சீன மொழியில் திருப்திகரமாகப் பதிலளித்தார். ஒன்பதாம் மேசை சாவ்லினுக்கு ஆயிற்று. எங்கள் நகராட்சியின் லட்சணத்தை எழுத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் குறிப்பைப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

சந்தைக்குத் திரும்பும் வழியெல்லாம் பார்த்தவர்கள் சாவ்லினைப் பிடித்து ஸ்பானிஷில் வாழ்த்தினார்கள். பல்மிரா ஒருவரையும் திட்டவில்லை. மேசைக்கு வந்தாள். ஏற்கனவே குடல் எடுத்த மீனைத் தூக்கி மறுபடி குடல் எடுக்கப் பார்த்தாள். சாவ்லின் அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"ஏண்டி," என்றாள் பல்மிரா. "என் நாக்கு ஏன் அப்படிப் போச்சு?"

"தம்பிகிட்ட எப்பவும் அப்படிப் போறதுதானக்கா. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு நானும்தான வர்றேன்."

"பதினோரு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தியா? ஒரு நாளாவது ஒரு வார்த்த சொன்னியா நீ?"

சாவ்லின் கத்தியைத் துடைத்தாள். "சொல்லணும்னு எனக்குத் தோணலக்கா. அண்ணி கதையக் கேட்டு அப்படிச் சிரிப்பீங்கல்ல, நீங்க உங்களத்தான் நெனச்சுச் சிரிக்கிறீங்கன்னு இருந்தேன்."

பல்மிரா பெட்டிமேல் உட்கார்ந்தாள். காப்பி ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை. ஊர் முழுவதையும் நாற்பது வருடம் நிறுத்துப் பார்த்த தராசு, அதில் தன்னை ஏற்றி வைக்க ஒரு நாளும் தோன்றவில்லையே என்று அவளுக்கு அசிங்கமாக இருந்தது. எவரிஸ்தோவாவது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நாக்கை மாற்றினார். அவள் தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்து மாற்றியிருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூனைக்கு மீன் வைத்து, வழக்கம்போல அதைக் கலீசியனில் கொஞ்சத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் போர்ஹா வந்தான், வாரா வாரம் வருவதுபோல, ஞாயிறு சமையலுக்கு மீன் எடுக்க. சாவ்லின் அடுத்த பக்கம் திரும்பி ஐஸ் உடைத்தாள். மேசை முன்னால் வேறு யாரும் இல்லை. பல்மிரா கையை ஏப்ரனில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்தாள். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம்தான். ஆனாலும் முதல் வார்த்தை வரும்போது மக்காச்சோளத்தில் முழங்கால் போட்டதுபோல வலித்தது.

"என்னடா கண்ணு, சாப்பிட்டியா?" என்றாள் கலீசியனில். "மத்தி நல்லா இருக்கு. ஒனக்குத் தரவா?"

போர்ஹா அம்மாவைப் பார்த்தான். பிறகு, தனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கித் திரும்பிப் பார்த்தான்.